மட்டாஞ்சேரியில் நின்று நின்று ஓடும் ஒரு கார்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு இரண்டு முதலாளிகள்; ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார், இன்னொருவர் பானெட்டுக்கு அடியில் இருப்பார். முதலாமவரை நாலு நல்ல வார்த்தை சொல்லிச் சமாளித்துவிடலாம். செகண்ட் ஹாண்டில் கார் வாங்கி, அதை வருஷக்கணக்காக வைத்துக்கொண்டு அல்லாடுகிற உங்களுக்கு இரண்டாமவரைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்வது? வீட்டில் மனைவி ரம்லா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

கண்ணீர்

தென்காசியிலிருந்து கொச்சிக்குப் பிழைக்க வந்து, கொஞ்ச காலம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தேடியபோது இந்த செடான் கிடைத்தது. டிக்கியில் நாலு பெரிய பெட்டி வைக்கலாம். வெள்ளை நிறம். வைத்திருந்தவர் வில்லிங்டன் தீவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அதிகாரி.

வண்டியை எடுக்கப் போன அன்று அவர் பழைய துணியால் டாஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுக்கும்போது கண் கலங்கியிருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பத்திரமா பாத்துக்குவேன் சார்" என்று உறுதி சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசலில் நின்ற அவருடைய மனைவி கேட் வரைக்கும் கூடவே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அவர் அழறது சங்கடத்துல இல்ல மோனே, சந்தோஷத்துல."

மாப்பிள்ளை

கோயம்புத்தூரிலிருந்து புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி வந்திருந்தது. செராய் கடற்கரைக்குப் போகவேண்டும். போர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்கு, வண்டிகளை ஏற்றிப்போகும் ஜங்கார் படகில் போனால் சீக்கிரம் என்று நானே ஆசை காட்டி அழைத்துப் போனேன். வரிசையில் முதல் ஆளாக ஏறியதால் என் வண்டி படகின் முனையில் நின்றது. காற்று அடித்தது, மாப்பிள்ளை செல்பி எடுத்தார், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

வைப்பின் கரையில் பலகையை இறக்கினார்கள். சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை. பின்னால் ஒரு லாரி, நாலைந்து கார், எண்ண முடியாத பைக்குகள். நான் நகராமல் யாரும் இறங்க முடியாது. ஹாரன் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. ஜங்கார்காரர் என் குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் விசாரித்தார். கடைசியில் பைக்குக்காரர்கள் இறங்கி வந்து தள்ளினார்கள். மாப்பிள்ளையும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார். கரை மேட்டில் ஏற்றுவதற்குள் அவர் வேர்த்து ஊற்றிவிட்டார். நான் வெட்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டேன். மணப்பெண் போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். "பரவால்லண்ணா," என்றாள். "கல்யாண வீடியோ முழுக்கத் தேடினாலும் இவர் இப்படி வேலை செஞ்ச ஒரு சீன் கிடையாது."

ஓட்டை

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் மழையே வேண்டாம், வேலியேற்றம் என்கிற கடல் பெருக்கு வந்தால் போதும், காயல் தண்ணீர் ஓடை வழியாக ஏறி வாசலுக்கு வந்துவிடும். ஒரு நாள் விடிந்து பார்த்தால் காருக்குள் மிதியடி மிதந்து ஒதுங்கிய அடையாளம். உப்புத் தண்ணீர் காய்ந்த நாற்றம். கதவெல்லாம் இறுக்கமாகத்தான் மூடியிருந்தது.

தோப்பும்படியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் வர்க்கீஸ் சேட்டனிடம் கொண்டுபோனேன். என் வருமானத்தில் பாதியை நானே அவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதால் என்னிடம் மரியாதையாகப் பேசுவார். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த விரிப்பைத் தூக்கினார். துருப்பிடித்துத் தகடு விழுந்து, கீழே ஒர்க்‌ஷாப் தரை தெரிந்தது. இதற்கு மேலேதான் இத்தனை நாள் காலை வைத்து ஓட்டியிருக்கிறேன். "சேட்டா, தண்ணி இது வழியாத்தான் உள்ள வந்துச்சா?" என்று கேட்டேன். அவர் சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "வந்தது மட்டுமில்ல பாய், போனதும் இதுவழியாத்தான். அதுக்கு சந்தோஷப்படுங்க."

நல்ல நாள்

தகடு வைத்து ஒட்டிய பிறகு, விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆலுவாவில் பழைய கார் வாங்கி விற்கும் ஒருவரிடம் ஓட்டிப் போனேன். பாருங்கள், அன்றைக்கென்று வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. மாதக்கணக்கில் அனல்காற்று விட்ட ஏசி, பல் கிட்டுகிற மாதிரி குளிர்ந்தது. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. எனக்கே விற்க மனசில்லாமல் போயிற்று.

அந்த ஆள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். பானெட்டைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பானெட்டைப் பார்த்தார். பிறகு சாவியை என் கையிலேயே வைத்து மூடினார். "இவ்வளவு நல்லா ஓடுற வண்டிய யாராவது விப்பாங்களா இக்கா? நமக்குத் தெரியாத பெரிய கேடு ஏதோ இதுல இருக்கு."

சரோஜாக்கா

சரோஜாக்கா எங்கள் பக்கத்துத் தெருவில் இட்லிக்கடை வைத்திருந்தவர். கிட்னி போனபிறகு கடையை மூடிவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் எர்ணாகுளத்தில் டயாலிசிஸ். ஆட்டோவின் குலுக்கல் அவருக்கு ஆகாது. இப்போது வருகிற உயரமான கார்களில் ஏற முடியாது. என் செடானின் சீட் தாழ்வு. உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துவைத்தால் முடிந்தது. ஏறியதும் முன்சீட்டைத் தட்டி, "இன்னிக்கு எப்படி இருக்கு உடம்பு?" என்று வண்டியைக் கேட்பார். நான் சிரிப்பேன்.

ஒரு நாள் நல்ல மழை. அக்காவோடு எர்ணாகுளம் போகிற வழியில், பாலத்தின் நடுவில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் கத்துகிறான். அக்காவுக்கு மூச்சு வாங்குகிறது. நேரம் தவறினால் அந்த மெஷினில் அடுத்த ஆளைப் போட்டுவிடுவார்கள். நான் நனைந்துகொண்டே கையை ஆட்டி ஆட்டி, கடைசியில் ஒரு ஆட்டோ நின்றது. அவரைத் தூக்காத குறையாக ஏற்றினேன். போய்ச் சேர்ந்துவிட்டார்; ஆனால் தாமதமாகிவிட்டதால் நேரத்தைக் குறைத்துத்தான் செய்தார்களாம். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கால் வீக்கம் வடியவேயில்லை.

மறுநாள் ரேடியேட்டரைப் புதிதாக மாற்றினேன். அப்படியும் மனசு கேட்கவில்லை. வேறு ஒரு நல்ல செடான்காரரிடம் பேசிவைத்துவிட்டு, அக்காவிடம் போய், "இனிமே அவர் வண்டில போங்கக்கா, என்னை நம்பாதீங்க" என்றேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடியே சொன்னார்: "வர்றவங்க போறவங்க எல்லாரும் என்னைத்தான் எப்படி இருக்கேன்னு கேக்குறாங்க தம்பி. உன் வண்டில ஏறுனாத்தான் நான் இன்னொருத்தரைப் பாத்து அதைக் கேக்க முடியுது."

நாளைக் காலையிலும் அக்கா வாசலில் போய் நிற்பேன். இந்த வண்டியை ஓட்டி நான் பிழைக்கிறேன் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது, இதைப் பிழைக்கவைக்கத்தான் நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.