சாரதி பொறுக்கிய தேசிக்காய்கள்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வுப்பர்டாலிலிருந்து கோயில் பெண்கள் சேர்ந்து மோசல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க பஸ்ஸில் போனோம். சாரதி நரைமீசை வைத்த ஜெர்மன்காரர். புறப்படும் முன் ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அப்படித் தட்டியபோது, பயணம் நல்லபடி அமைய, சில்லு ஏறி நசியட்டும் என்று நான் டயர்களுக்கு அடியில் ஒளித்து வைத்த தேசிக்காய்களை, அதாவது எலுமிச்சம்பழங்களை, கண்டார். தவறி விழுந்தவை என்று நினைத்து, துடைத்து என்னிடமே தந்தார். விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

திராட்சைக் கொடிகளுக்கு நடுவே பஸ் வளைந்து வளைந்து மலை ஏறியது. எல்லாரும் "என்ன வடிவு!" என்றார்கள். நான் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.

"என்னக்கா, தேசிக்காயைக் கையாலையே பிழியிறியளோ?" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"தேசிக்காயை நசிக்காமல் மலை ஏறியிட்டம். இறக்கத்திலை என்ன நடக்குமோ!"

மேலே பஸ் நின்றதும் அவள் சாரதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பழங்களை வாங்கி, தாமே டயர்களுக்கு அடியில் வைத்து, பஸ்ஸை மெல்ல உருட்டினார். மலை இறங்கும்போது நான் ஆற்றைக் கண் நிறையப் பார்த்தேன்.

வுப்பர்டாலில் நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சாரதி ஜெர்மனில் ஏதோ கேட்டார். பக்கத்திலிருந்தவள்தான் தமிழில் சொன்னாள்:

"அக்கா, அவர் இனித் தனியப் போகவேணுமாம். இன்னொரு தேசிக்காய் இருக்கோ எண்டு கேக்கிறார்."

எனக்கு மறந்துபோன அந்த மலையின் பெயரை, கூட வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அவர் கேட்டது பகிடிக்கா, மெய்யாகவா என்பதையும்.