மன்னரின் இரண்டாவது சாவு

சனிக்கிழமை நாடகத்தில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. மன்னர் மார்பில் அம்பு பட்டு இறந்தார்.
2. முன்வரிசையில் இருந்த நகைக்கடை முதலாளி மேடையேறி, மன்னரின் நடிப்புக்குத் தங்கப் பதக்கம் அறிவித்தார்.
3. மன்னர் எழுந்து நின்று பதக்கத்தைக் குத்திக்கொண்டார்.
4. நன்றி சொல்லி நான்கு நிமிடம் பேசினார். ராணி அதுவரை அழுகையை நிறுத்திவைத்திருந்தார்.
5. மன்னர் மறுபடி படுத்து இறந்தார். முதல் தடவையைவிட நன்றாக இறந்தார்.

இதை அப்படியே எழுதி, 'ஒரு ரசிகன்' என்று கையொப்பமிட்டு, ஊரில் வந்துகொண்டிருந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அதன் ஆசிரியருக்கு மட்டும் என் பெயரும் பள்ளி முகவரியும் தெரியும். நான் சுருக்கெழுத்துப் பரீட்சை தேறியவள்; நடிகர் பேசப் பேசக் குறித்துவிடுவேன். அதனால் நாடக விமர்சனம் எனக்கு எளிதாக வந்தது. பகலில் பினாங்கில், சுங்கை பினாங் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பிள்ளைகளுக்கு நாடகம் எழுதிப் பழக்குவதும் என் பொறுப்பு. பணி நிரந்தரமாக, பள்ளி மேனேஜர் கையெழுத்திட வேண்டும். அந்த மேனேஜர்தான் மன்னர்.

விமர்சனம் வெளிவந்த மறுநாள் என்னை அறைக்கு அழைத்தார். மேசையில் பத்திரிகை கிடந்தது.

"டீச்சரம்மா, இத எழுதுனவன் யாருன்னு மட்டும் தெரியட்டும்!"

"தெரிஞ்சா என்ன செய்வீங்க சார்?"

"மார்க்கெட் ஸ்திரீட்ல நிக்கவெச்சுக் கேப்பேன் லா! பெரிய மனுசன் மேடைக்கு வந்து பதக்கம் குடுக்கறாரு. நான் பொணமாவே கெடந்தா அவருக்கு என்ன மரியாதை?"

நியாயமான கேள்வி. அதையும் குறித்துக்கொண்டேன். ஏனென்றால் அவர் அழைத்ததே, தன் மறுப்புக் கட்டுரையைச் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும் என்பதற்காகத்தான். பள்ளியில் சுருக்கெழுத்து தெரிந்தவள் நான் ஒருத்தி.

அவர் சொன்ன ஏழு வாதங்களில் நான்கு வெறும் வசவு. அவற்றை நீக்கினேன். மிச்சம் பலவீனமாக இருந்ததால், "ஒரே டிக்கெட்டில் இரண்டு முறை அழவைத்தவரைக் குறை சொல்வது முறையா?" என்று நானே ஒன்று சேர்த்தேன். படித்துப் பார்த்தவருக்குக் கண் கலங்கியது.

"இதுதான் லா நான் சொல்ல நெனச்சது!"

'ஒரு நடுநிலையாளன்' என்று கையொப்பமிடச் சொன்னார். அழகாகப் பிரதி எடுத்து அனுப்பினேன். பெயர் வேறு, தாள் வேறு, உறை வேறு. கையெழுத்தும் வேறாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்திரிகை ஆசிரியரிடமிருந்து எனக்குத் தபால் வந்தது. ஆசிரியைகளுக்கு வரும் கடிதங்களை மேனேஜர் பிரித்துப் படித்த பிறகே கொடுப்பது எங்கள் பள்ளி வழக்கம். என்னை எதிரில் நிறுத்திவைத்து உரக்கப் படித்தார்:

"அம்மணி, தங்கள் விமர்சனத்துக்கு வந்துள்ள மறுப்பும் தங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. இரண்டில் எது தங்கள் அபிப்பிராயம் என்று தெரிவித்தால் அச்சுக் கோக்க வசதியாயிருக்கும்."

கடிதத்தை மடித்தார். பிறகு விரித்தார். மறுபடி மடித்தார்.

"நீங்கதானா அது?"

"ஆமா சார்."

"எங்கிட்டயே வந்து, எனக்காக ஒங்களையே திட்டி எழுதினீங்களா?"

"நீங்க சொன்ன திட்டு எல்லாத்தயும் எடுத்துட்டேன் சார்."

பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்துபோய்க் கதவை மூடினார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"ரெண்டாவது சாவு நெசமாவே நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். மொத தடவ, விழற எடத்துல நாற்காலி இருக்கான்னு பாத்துக்கிட்டே விழுந்தீங்க."

"எல்லாரும் பாத்திருப்பாங்களா?"

"ரெண்டாவது தடவைக்கு ராணியே நாற்காலிய நகத்திவெச்சாங்க சார்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு என் பணி நியமனத் தாளை எடுத்தார். கையெழுத்திடவில்லை, கிழிக்கவும் இல்லை. தற்காலிகத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டித்து எழுதினார். அடுத்த நாடகத்தை நானே எழுதி, ஒத்திகையும் நானே பார்க்க வேண்டும் என்றார்.

ஒத்திகை புதன், வெள்ளி மாலைகளில் நடக்கிறது. மேனேஜருக்கு இன்னும் நேராக விழ வரவில்லை. விமர்சனம் எழுதுவதை நான் நிறுத்தவில்லை. அவருடைய நாடகத்தைப் பற்றி மட்டும் எழுதுவதில்லை. பணி இன்னும் நிரந்தரமாகவில்லை.