ஆட்காட்டி விரலில் ஒரு தழும்பு

குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த பட்டறையில், பவர் பிரஸ் என் வலது கை ஆட்காட்டி விரலை எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். நாலு மாதம் கழித்துப் போய் நின்றபோது, இனி மிஷின் பக்கம் வேண்டாம், வேனை ஓட்டு என்றார் முதலாளி. என் லைசென்ஸோ காலாவதியாகிக் கிடந்தது. ஒண்ணாம் தேதிக்குள் புதுப்பித்துக் காட்டினால் வேன் எனக்கு, இல்லையென்றால் வேறு ஆள். வீட்டில் கைக்குழந்தை, எனக்கு வேறு போக்கில்லை.

அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே அரைத் தூக்கத்தில் நடந்த மாதிரி இருக்கிறது. காலையில் சிட்லபாக்கம் ஏரிக்கரை வழியாக ஸ்டேஷனுக்கு நடப்பேன். தண்ணீர்மேல் வெயில் மெல்ல ஊர்ந்து வரும். இல்லாத விரல் அரிக்கும்; சொறியப் போனால் காற்றுதான். ரயிலில் கம்பியைப் பிடித்தால் ஐந்து விரலும் பிடித்திருப்பதாகவே தோன்றும். அந்தச் சுகத்தில் கண் சொக்கும், அதற்குள் தாம்பரம் வந்துவிடும்.

லைசென்ஸ் ஆபீஸ் கவுண்டரில் இருந்த கிளார்க் மரியாதையான மனுஷர். அதுதான் பேஜாரே, சண்டை போடவும் வழியில்லை. பழைய லைசென்ஸ் புத்தகத்தைப் பிரித்தார். அங்க அடையாளம் என்ற இடத்தில், வலது ஆட்காட்டி விரலில் தழும்பு என்று எழுதியிருந்தது. கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“தழும்பு எங்க சார்?”

“விரலே இல்ல சார்.”

“அது தெரியுது. தழும்பு இருக்கணுமே, ரெக்கார்டுல இருக்கே.”

விரல் இல்லை என்று அரசு டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வரச் சொன்னார். கண்ணால்தான் பார்த்துவிட்டாரே, அப்புறம் காகிதம் எதற்கு? அவர் பார்த்தது ஃபைலில் ஏறாதாம். அலைந்து வாங்கி வந்தேன். நிதானமாகப் படித்தார். விரல் போனது சரி, போன விரலில்தான் தழும்பு இருந்தது என்று இதில் இல்லையே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையையே கவிழ்த்திருப்பேன். மறுபடி டாக்டரிடம் ஓடினேன். தான் பார்க்காத தழும்புக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று அவர் சிரித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்கு வாய்த்ததோ இரண்டு பூசாரிகள்.

கடைசியில் கிளார்க்கே ஒரு வழி சொன்னார். நானே உறுதிமொழிப் பத்திரம் எழுதி, நோட்டரி முத்திரையோடு தந்தால் போதுமாம். ஒண்ணாம் தேதிக்கு இரண்டே நாள் இருந்தது.

ஆபீஸ் வாசலில் புங்கமரத்தடியில் டைப் மிஷினோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பூ உதிர்ந்துகொண்டே இருந்தது. எழுத்துக்கு எழுத்து அதைத் தட்டிவிட்டுத்தான் அடித்தார். தழும்பு எப்படி வந்தது என்று கேட்டார். ஒன்பது வயதில், அக்கா நுங்கு சீவும்போது அவசரப்பட்டுக் கையை நீட்டினேன். என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். அப்புறம் ரொம்ப நாள், தூங்கப் போகுமுன் என் விரலைப் பிடித்து அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாள். கல்யாணமான மறுவருஷமே காமாலையில் போய்ச் சேர்ந்தாள். இதையெல்லாம் பத்திரத்தில் போட முடியாது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மாவும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

பிறகு ஒரே வரியாக அடித்து, சரியா பாருங்கண்ணா என்று வாசித்துக் காட்டினார்: “மேற்படி தழும்பு, விரலுடன் சேர்ந்து என்னைவிட்டு நீங்கிவிட்டதென உறுதி கூறுகிறேன்.”

நாலு மாதமாக விரல் போனதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தழும்பும் போய்விட்டது என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கிளார்க் பத்திரத்தை வாங்கிக்கொண்டார். விரல் இல்லை என்பதையே புது அடையாளமாக எழுதினார். பிறகு சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார்.

“அந்தப் பழைய வரி இருந்துட்டுப் போகட்டுமே சார்.”

“இல்லாதது ரெக்கார்டுல இருக்கக் கூடாது சார்.”

ஸ்கேலை வைத்து, கோணாமல், ஒரு கோடு போட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு அழாதவன், கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிளார்க் பதறிப்போய்ப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

“வேலை முடிஞ்சுடுச்சு சார். நாளைக்கே வண்டி எடுக்கலாம்.”