கால் மேடம்

பேருந்து நிறுத்தத்தில் மற்றவர்கள் வண்டி எண்ணைப் பார்ப்பார்கள். கால் மேடம் காலைப் பார்ப்பார். வெடித்த குதிகால், செருப்பு வார் அழுத்திய தழும்பு, ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்கும் அடி. அவர் பார்வை முகத்துக்கு ஏறுவதற்குள் வணக்கம் சொன்னவர் பாதித் தெருவைக் கடந்திருப்பார். "என் மூஞ்சி மேல இருக்கு மேடம்" என்று அலுவலகக் காவலாளி அடிக்கடி நினைவூட்டுவார்.

சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதங்களைக் காத்துக்கொள்ளக் கற்றுத்தருவதும், கற்றுத்தந்தது பலிக்கிறதா என்று ஆராய்வதும் அவர் வேலை. "புரிஞ்சுதா?" என்று அவர் கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். "சரி, வீட்ல போய் இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்பார். வெந்நீர் வாளிக்குள் கால் இருக்க, கூடாது என்று மேலே பெருக்கல் குறி போட்ட படத்தைப் பார்த்து ஒரு தச்சர், "ரெண்டு காலையும் குறுக்கே வச்சு ஊறப்போடணும்" என்றார். அறையே சிரித்தது. கால் மேடம் சிரிக்கவில்லை. அன்றே அச்சகத்துக்குப் போன் போட்டு அந்தப் படத்தை நிறுத்தினார்.

கைப்பையில் பேனாக்களோடு ஒரு நைலான் இழையும் இருக்கும். அது வளையும்வரை பாதத்தில் அழுத்துவார். கண்ணை மூடியிருப்பவர் பட்டதும் "ம்" சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் காலில் உணர்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். முள் குத்தினாலும் தெரியாது, கல் சுட்டாலும் தெரியாது. கவனிக்காத புண் அழுகினால் கடைசியில் காலை எடுக்க வேண்டியதுதான்.

இப்போதைய ஆராய்ச்சிக்காக நகரத்துச் சுகாதார நிலையங்களைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார். ஒரு பாதிக்குப் புதிய பாடம், படம், இழைச் சோதனை. மறுபாதிக்கு வழக்கமான துண்டுக் காகிதம் மட்டும். வருடம் முடிந்து பலன் தெரிந்த பிறகுதான் அவர்கள் முறை. இரண்டு பக்கத்துப் புண்களையும் ஒப்பிட்டால்தான் பாடம் உண்மையிலேயே உதவியதா என்பது தெரியும். காத்திருக்கும் பக்கத்தில் இருந்த தன் மாமனாருக்கு ஒரு நர்ஸ் பாட அட்டையை ரகசியமாகக் கொடுத்துவிட்டார். கால் மேடம் அவரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். "ஆளாளுக்கு இரக்கப்பட்டா அப்புறம் எதைத்தான் கண்டுபிடிக்கிறது?" நர்ஸ் அழுதுகொண்டே அட்டையைத் திரும்ப வாங்கி வந்தார்.

கால் மேடத்தின் அக்காவும் காத்திருக்கும் பக்கம்தான். அம்மா போன பிறகு தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். தங்கையின் ஆராய்ச்சி என்றதும் முதல் ஆளாகச் சேர்ந்தவர். "நான் படிச்சு ஒரு பரீட்சையும் பாஸ் பண்ணல, இப்ப இவ பரீட்சையில நானே இருக்கேன்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவரை ஆராய்ச்சியிலிருந்து விலக்கிவிட்டுப் பாடத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நர்ஸின் அழுத முகம் குறுக்கே வந்து நின்றது. அக்கா ஜாக்கிரதைக்காரி, இன்னும் சில மாதம்தானே என்று கால் மேடம் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அந்த வீட்டில் மட்டும் அவர் பார்வை தரைக்கு இறங்காது. அக்காவின் முகத்தையே பார்த்துப் பேசுவார்.

போன வாரம் இருவரும் கடைக்குப் போய்த் திரும்பினார்கள். வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்த அக்கா திகைத்தார். ஒரு கால் வெறுங்காலாக இருந்தது.

"இன்னொண்ணு எங்கடி? போட்டுட்டுத்தானே கிளம்பினேன்?"

அது பின்னால், நடுத்தெருவில், வெயிலில் இளகிய தாரின் மேல் கிடந்தது.

"கழண்டதுகூடத் தெரியாம உன்கூட வாயடிச்சிட்டு வந்திருக்கேன் பாரு!" அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

கால் மேடம் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் அமர்ந்து, அந்தப் பாதத்தை மடியில் எடுத்துக்கொண்டார். உள்ளங்கால் சிவந்திருந்தது. ஆராய்ச்சி நாசமாய்ப் போகட்டும் என்று இழையை எடுத்தார்.

"கண்ணை மூடிக்கோக்கா. பட்டதும் 'ம்' சொல்லு."

"இதெல்லாம் அந்தப் பக்கத்துக்காரங்களுக்குத்தானே? உன் வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது..."

"மூடுக்கா."

கட்டைவிரலில் அழுத்தினார். இழை வளைந்தது. விரலடி மேட்டில் அழுத்தினார், குதிகாலில் அழுத்தினார். அக்கா சமத்தாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பியேன்டி. எவ்வளவு நேரம்தான் மூடிட்டே இருக்கிறது?"

கால் மேடம் இழையைக் கீழே வைத்தார். தன் கட்டைவிரல் நகத்தை உள்ளங்காலில் வைத்து, தோலில் பிறை விழும்வரை அழுத்தினார். அக்கா முகத்தில் சிரிப்பு மாறாமல், கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தார்.