கோச்சுக்கு நான் போட்ட புள்ளிகள்

என் மகளுடைய கல்லூரி அணியின் கோச்சுக்கு நான் முதலில் போட்ட புள்ளி நூற்றுக்கு முப்பத்தொன்று. முப்பத்தைந்துக்குக் கீழே என்றால் சித்தியில்லை. இருபத்தொன்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். இரக்கப்பட்டு ஒருவருக்கும் நாலு புள்ளி கூட்டிப் போட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, மல்வேர்ன் என்ற பகுதியில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் இருந்தோம். மூத்த பெண்கள் மூவரும் கலியாணம் முடித்துப் போய்விட, கடைக்குட்டி மட்டும் எங்களோடு இருந்தாள். விளையாட்டுக்காரரின் காயங்களுக்குச் சிகிச்சை செய்கிற படிப்பு, மூன்றாம் வருடம். அந்த வருடம் அவளைக் கல்லூரியின் புட்போல் அணியோடு சேர்த்துவிட்டார்கள். அணியோடு நின்று குறித்த அளவு மணித்தியாலம் வேலை செய்தால்தான் வருடம் சித்தி. செப்டெம்பர் கடைசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள், அடுத்த மாதம் வெளியூரில் ஒரு ஆட்டம் இருக்கிறதாம். ஏழு மணித்தியாலம் பஸ், இரண்டு இரவு ஹோட்டல்.

"எத்தினை பேர் போறியள்?" என்றேன்.

"அம்பத்திநாலு பிளேயர்ஸ், ஆறு கோச்மார்."

"பொம்பிளையள்?"

"ரெண்டு. நானும் என்ரை சுப்பவைசரும்."

அறுபதுக்கு இரண்டு. கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. "போகாமல் விட்டால்?"

"மணித்தியாலம் காணாது. இந்த வருசம் பெயில். வாற திங்கக்கிழமை பேர் குடுக்கோணும் அப்பா. ஓமோ, இல்லையோ?"

அந்தக் கோச் எப்படிப்பட்ட ஆள் என்று விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

"விசாரிக்கிறதோ? இது கலியாணப் பேச்சில்லை, அப்பா."

ஆனால் ஒரு மனிதனை அறிய எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். மூன்று மருமக்களையும் அப்படித்தான் எடுத்தேன். சொந்தக்காரரிடம் கேட்கக் கூடாது. அவர்கள் ஆளைத் தூக்கி வைத்துத்தான் கதைப்பார்கள். அவர் சாப்பிடுகிற இடத்தில் கேட்க வேண்டும், அவருக்குக் கீழே வேலை செய்பவரிடம் கேட்க வேண்டும். பிறகு அவருக்குத் தெரியாமல் அவரைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் இரண்டு பஸ், ஒரு சப்வே என்று ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தேன். கன்ரீனில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவர் எங்களுடைய ஆள். நான் வாய் திறந்து இரண்டு கேள்வி கேட்டதுமே வாத்தியார் என்று பிடித்துவிட்டார்.

"மாஸ்டர், அந்த மனுசனுக்கு அம்பது வயசிருக்கும். வேற இடம் பாருங்கோ."

"அது இல்லைத் தம்பி. விசயம் வேற. ஆள் எப்பிடி?"

"குடிக்கிறது கோப்பிதான். ஒரு நாளைக்கு ஆறு தரம் வருவார். முதல் மனிசி விட்டிட்டுப் போட்டா. இரண்டாவதும் ஆடிக்கொண்டுதான் நிக்குது எண்டு கேள்வி."

"வாய்?"

"வாயைப் பற்றிக் கேக்காதேங்கோ. ஆனா ஒண்டு, குடிச்ச கோப்பையைத் தானே கொண்டந்து தருவார். மற்றப் பெரியாக்கள் மேசையிலை விட்டிட்டுப் போவினம்."

பிறகு மைதானத்துக்குப் போய் ஆறாவது வரிசை வாங்கில் உட்கார்ந்து, கொண்டுவந்த கணக்குக் கொப்பியைத் திறந்தேன். பெயர்தான் புட்போல். அன்றைய இரண்டு மணித்தியாலத்தில் பந்தைக் காலால் உதைத்தது பதினாலு தரம். மிச்சமெல்லாம் கையால் எறிவதும், பிடிப்பதும், பிடித்தவன் மேல் விழுவதும். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். மூன்று முயற்சிக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும். கணக்கு எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. கோச் ஆறடிக்கு மேல் உயரம், கழுத்தில் விசில். நான் எழுதியது: கெட்ட வார்த்தை 17. கோப்பி 3. தோளில் தட்டியது 2. சிரிப்பு 1. கை நீட்டியது 0.

இப்படி மூன்று நாள். கலியாணத்துக்கு இருபது கழித்தேன், வாய்க்கு மூன்று நாளும் சேர்த்து நாற்பது, நாளுக்கு மூன்றுக்கு மேற்பட்ட கோப்பிக்கு ஒன்பது. முப்பத்தொன்று வந்தது.

மூன்றாம் நாள் இரண்டு உதவிக் கோச்மார் வாங்குகளில் ஏறி வந்து என் இரண்டு பக்கத்திலும் நின்றார்கள். எந்தக் கல்லூரி அனுப்பியது என்று கேட்டார்கள். எனக்கு விளங்கவில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்தார்கள். பக்கம் முழுவதும் எண்கள், பக்கத்தில் அவர்கள் வாழ்நாளில் காணாத எழுத்து. எதிரணியின் வேவுக்காரன் என்றே முடிவுகட்டிவிட்டார்கள். கீழே நின்ற மகள் என்னைக் கண்டாள். அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைக்க விருப்பமில்லை.

கோச் வந்தார். கொப்பியை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வரியாக இங்கிலீசில் வாசித்தாள். கெட்ட வார்த்தைக் கணக்கு வந்தபோது உதவிக் கோச் ஒருவர் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பினார். கோச் சிரிக்கவில்லை. கடைசி வரை கேட்டார். பிறகு என்னிடம், பாஸ் மார்க் எத்தனை என்றார்.

"முப்பத்தைந்து."

"நாலுதான் குறைவு" என்றார். "பயிற்சியில் நான் இவர்களைச் சோதிக்கிறேன். எனக்குச் சோதனை சனிக்கிழமை. அன்றைக்கு வந்து பாருங்கள்."

கொப்பியைத் திருப்பித் தந்தார். அந்த இடத்திலேயே இரண்டு புள்ளி கூட்டலாமா என்று யோசித்தேன். கூட்டவில்லை.

சப்வேயில் மகள் எனக்கு இரண்டு இருக்கை தள்ளிப் போய் இருந்தாள். பன்னிரண்டாவது ஸ்டேஷனில் எழும்பி வந்து, "நீங்கள் என்னைத்தான் நம்பேல்லை அப்பா. அந்தாளை இல்லை" என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் மனைவியும் என்னோடு வந்தாள். அதே ஆறாவது வரிசை.

"இஞ்சருங்கோ, உவங்கள் ஏன் ஆளுக்கு மேலை ஆள் விழுறாங்கள்?"

"பத்து யார் போறதுக்கு."

"எல்லாரும் விலத்தி நிண்டா நடந்து போகலாம்தானே."

நான் கொப்பியில் அடுத்த எண்ணை எழுதினேன்.

ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் எங்கள் பக்கத்து ஆட்டக்காரன் ஒருவனுக்குக் கால் முறிந்தது. மகளின் சுப்பவைசர் அவனோடு ஆம்புலன்சில் போய்விட்டார். கோட்டோரத்தில் மருந்துப் பையோடு மகள் தனியே நின்றாள். வயது இருபத்தொன்று.

முடிய நாலு நிமிடம் இருந்தது. இரண்டு பக்கமும் பதினேழு. அப்போது எங்கள் பக்கத்தில் பந்தை எறிகிற தலையாய ஆட்டக்காரனை இரண்டு பேர் ஒன்றாக அடித்து விழுத்தினார்கள். உடனே எழும்பினான். கையை உயர்த்திக் காட்டினான். சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். அவனுடைய ஆட்கள் அடுத்த முயற்சிக்கு வட்டமாகக் கூடினார்கள். அந்த நேரம் கோச் ஆட்டத்தை நிறுத்தக் கேட்டு அவனை வெளியே அழைத்தார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் பிறகுதான் சொன்னாள், வட்டத்தில் அவன் தன் இடத்தில் நிற்கவில்லையாம், இரண்டடி தள்ளி நின்றானாம், தலையில் பலமாக அடிபட்டால் அப்படித்தான் நிதானம் தப்புமாம். எண்ணுகிறவன் என்று நான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் ஓடி விழுந்து எழும்புகிற இடத்தில் ஒருவனுடைய இரண்டடியை அந்த மனிதர் கண்டிருக்கிறார்.

அவன் மகளுக்கு முன்னால் வந்து நின்றான். அவள் அவன் நெஞ்சளவு. விரலைக் காட்டினாள், ஏதோ கேட்டாள், திரும்பவும் கேட்டாள். அவன் அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போகப் பார்த்தான். உதவிக் கோச்மார் கையைக் காலை ஆட்டிக் கத்தினார்கள். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் கத்தினார்கள். கோச் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். முதுகை வளைத்து, காதை அவள் வாய்க்கு நேரே கொண்டுவந்தார்.

அவள் ஒரு சொல் சொன்னாள். ஆறாவது வரிசையில் இருந்தும் அந்த உதட்டசைவு எனக்குத் தெரிந்தது: நோ. இல்லை என்று சொல்லும்போது அவள் குரல் எப்போதும் இறங்கிவிடும். வீட்டில் அவள் எதைச் சொன்னாலும் "வடிவா யோசிச்சனியோ?" என்று நான் இரண்டாம் தரம் கேட்பேன், அதற்குப் பயந்த குரல் அது.

கோச்சும் இரண்டாம் தரம் கேட்பார் என்று காத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மூன்றில் அவர் நிமிர்ந்துவிட்டார். அவனுடைய தலைக்கவசத்தை வாங்கி அவள் கையில் கொடுத்தார், அவன் எடுத்துப் போட்டுக்கொண்டு ஓடாமல் இருப்பதற்கு. அவள் அதைக் குடத்தைப்போல இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பதிலுக்குப் போனவன் எறிந்த மூன்றும் நிலத்தில் விழுந்தன. கடைசி நிமிடத்தில் எதிரணி பந்தை எங்கள் எல்லைக்கு அப்பால் உதைத்து ஒரு புள்ளி எடுத்தது. இந்த நாட்டு ஆட்டத்தில் அதற்கும் ஒரு புள்ளி உண்டு. பதினெட்டுக்குப் பதினேழு. ஒரு புள்ளியால் தோற்றோம்.

பின்னால் இருந்த ஒருவன், அந்தப் பெட்டையாலதான் தோற்றது என்று பொருள்பட இங்கிலீசில் கத்தினான். மனைவி திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் அடங்கிவிட்டான். கீழே பத்திரிகைக்காரர் இரண்டு பேர் கோச்சை மறித்தார்கள். அது யாருடைய முடிவு என்று கேட்டார்கள். "என்னுடையது" என்றார். பிறகு வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரின் தோளிலும் கை வைத்து எண்ணி அனுப்பினார். கடைசியாகத் தலைக்கவசத்தோடு வந்த என் மகளையும் அதே மாதிரித் தோளில் கை வைத்து எண்ணினார். அதற்குப் பிறகுதான் அவர் உள்ளே போனார்.

ஊரில் நானும் ஒன்பது வருடம் விளையாட்டுக்குப் பொறுப்பாசிரியராக இருந்தவன். முதலுதவிப் படைப் பிள்ளைகள் வெள்ளைப் பையோடு கோட்டோரத்தில் நிற்பார்கள். அந்த ஒன்பது வருடத்தில் அவர்களில் ஒருவரிடமாவது ஏதாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒருதரமும் இல்லை.

"ஏன் எழும்பி நிக்கிறியள்? எல்லாம் முடிஞ்சுதே" என்றாள் மனைவி. எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. கொப்பி மடியிலிருந்து கீழே விழுந்து கிடந்தது. கடைசிப் பகுதிக்கு அதில் ஒரு எண்கூட இல்லை. வெறும் பக்கம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"திங்கக்கிழமை பேர் குடுக்கோணும் எண்டனி. போறியோ?" என்றேன்.

"ஓம். போறன்."

கேட்பதற்கு என்னிடம் ஏழு கேள்வி இருந்தது. எத்தனையாம் மாடி, கதவுக்கு எத்தனை பூட்டு, சுப்பவைசரும் அதே அறையோ, மிச்சமும். முதல் கேள்வி நாக்குவரை வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

"தடிச்ச ஜக்கெற்றைக் கொண்டு போ" என்றேன்.