பிலோமினா என்றொரு படகு

பிலோமினா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஐஸ் ஆலையின் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். சிதம்பரத்திலிருந்து அவருடைய தாயார் பேசினார்.

"பாப்பா போயிடுச்சு சார். காலைல தலை வலிக்குதுன்னு சொல்லிச்சு, அவ்ளோதான்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே கணினித் திரையில் 'பிலோமினா' என்ற பெயர் மேலிருந்து கீழ்வரை வரிவரியாக நின்றது. அன்று விடியலில் கடலுக்குப் போன அத்தனை படகுகளுக்கும் ஐஸ் அவர் பெயரில்தான் போயிருந்தது. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்திலும் ஒரு வரி பதிவாகியிருக்கும். அது எந்த வரி என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்கு இது விளங்காது. விவரம் தெரிந்த சிலர் சொல்ல மாட்டார்கள். ஆகவே நான் எழுதுகிறேன். யாருக்காவது மனவருத்தம் என்றால் கடலூர் முதுநகருக்கு நேரில் வந்து சொல்லட்டும்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆலையிலிருந்து ஐஸ் வெளியே போகும் வாசல் என் பொறுப்பு. கணினியை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை; தட்டித் தட்டி நானே பழகிக்கொண்டேன். கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுகிற ஈஆர்பி மென்பொருளை எங்கள் நிர்வாகம் வாங்கியபோது, சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. ஏசி அறையில் மேலாளரைக் கேள்வி கேட்டு, எழுதிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் கிளம்பிவிட்டது. அந்தக் குழுவில் ஒருவர் மட்டும் மறுநாள் விடிகாலையில் தன் ஊரான சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். அவர்தான் பிலோமினா. வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதுவது அவருடைய உத்தியோகம். மற்றவர்கள் கேட்டு எழுதினார்கள். இவர் பார்த்து எழுதினார்.

ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் செருப்பு நனைய நின்றார். படகு ஓட்டும் ஏழுமலை அவரை விடவில்லை.

"என்ன மேடம், மீன் வாங்க வந்தீங்களா, வேவு பாக்க வந்தீங்களா?"

"ரெண்டும் இல்ல மாமா. இந்த ஐஸ் யாருக்குப் போவுதுன்னு பாக்க வந்தேன்."

"அது எனக்கே சாயந்தரம்தான் தெரியும்!" என்று ஏழுமலை சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை.

"ஏன் மாமா சாயந்தரம்?"

ஏழுமலை சொன்னார். கடலில் ஒரு படகுக்கு மீன் படும், பக்கத்துப் படகுக்குப் படாது. மீன் பட்டவனுக்கு ஐஸ் போதாது. படாதவன் தன் ஐஸைத் தூக்கிக் கொடுத்துவிடுவான். காலையில் யார் ஏற்றிக்கொண்டு போனாலும், எவன் எவ்வளவு எடுத்தான் என்பது கரைக்கு வந்த பிறகுதான் முடிவாகும். எங்கள் துறைமுகத்தில் எப்போதும் இப்படித்தான்.

"பேப்பர் எந்த வழியா போவுதுன்னு எல்லாரும் சொன்னாங்க சார். ஐஸ் எந்த வழியா போவுதுன்னு யாரும் சொல்லல" என்றார் என்னிடம்.

"யாரு கேட்டா?" என்றேன்.

அவர் எழுதிக் கொடுத்தது எளிமையானது. முதலில் ஐஸ் வெளியே போகும். யாருக்கு என்பது பிறகு வரும். அதற்கென மென்பொருளில் ஒரு படி வேண்டும். அவருடைய மேலதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். எல்லா ஊரிலும் ஆர்டர் முதலில், சரக்கு பிறகு, பில் கடைசியில். கடலூருக்காக அதை மாற்ற முடியாது என்றார்கள். எங்கள் நிர்வாகமும் தலையாட்டியது. மஞ்சக்குப்பத்தில் மண்டபம் பிடித்துத் தொடக்க விழா நடத்தி, விடிகாலையில் துறைமுகத்தைப் பார்த்தே இராதவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். மேடையில் பிலோமினாவின் பெயரை யாரும் சொல்லவில்லை. நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அதை இன்றுவரை எனக்கெதிராகச் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

மறுநாள் விடியலில் மென்பொருள் ஆர்டர் கேட்டது. ஆர்டர் இல்லாமல் வாசல் சீட்டு வராது; சீட்டு இல்லாமல் காவலாளி ஐஸை விடமாட்டார். முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது; இன்னும் இறங்கினால் படகுகள் வெளியே போக முடியாது. படகுக்காரர்கள் கவுண்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். கணினியில் இருந்த ரமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

"யார் பேர்லயாவது போடும்மா!" என்று ஏழுமலை கத்தினார். "அந்த மேடம் பேர்ல போடு. அவுங்கதான இதக் கொண்டாந்தாங்க!"

ரமணி புதிய வாடிக்கையாளர் ஒன்றைத் திறந்தார். பெயர் பிலோமினா. வகை, படகு. ஐஸ் போனது. மாலையில் எல்லாவற்றையும் உரிய படகுகளுக்கு மாற்றினோம். மறுநாளும் அதையே செய்தோம். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள், பிலோமினா படகு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்று கேட்பார்கள். அப்படியொரு படகு இல்லை என்றால் நம்பமாட்டார்கள். தினமும் முதல் ஐஸ் ஏற்றிக்கொண்டு போகிற படகு, ஒருநாளும் திரும்பி வந்து மீன் இறக்காத படகு.

அடுத்த முறை வந்தபோது பிலோமினா திரையைப் பார்த்தார்.

"எனக்கு எப்ப சார் படகு வாங்குனீங்க?" என்று வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்றது. "இது பொய் சார். நடக்கறத இது காட்டல. நான் கேட்ட படிய அவுங்க போடற வரைக்கும் என் பேரே இருக்கட்டும். வேற யார் பேரும் வேணாம், நாளைக்கு அவுங்க தலையில விழும். போட்டதும் என்ன எறக்கி விட்டுடுங்க."

இறக்கிவிடுவதாகச் சொன்னேன். அதன்பின் மேலிடத்துக்கு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அவ்வப்போது எனக்குப் போன் வரும். "எறக்கிட்டாங்களா சார்?" "இன்னும் இல்லம்மா." நானும் கேட்டேன், சண்டை போட்டேன். வேலைதான் நடக்கிறதே, இன்னும் என்ன என்றார்கள். அந்தக் கேள்வியோடு ஆண்டுகள் போயின.

அவர் இறந்த அன்று சிதம்பரத்தில் நல்ல மழை. வெளிநாட்டிலிருந்து தம்பி வந்துசேர வேண்டும் என்று உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். மதியம் மின்சாரம் போனது, வரவில்லை. தாயார் மறுபடியும் பேசினார். என்ன கேட்பது என்று அவருக்கே தெரியவில்லை. "ஐஸ் கொண்டு வர்றேம்மா" என்றேன்.

பெரிய பனிக்கட்டியை நாங்கள் பார் என்போம். எட்டு பாரை ஏழுமலையே வண்டியில் ஏற்றினார். ரமணி சீட்டை அடித்து நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. பழக்கத்தில் விரல்கள் அந்தப் பெயரையே அடித்துவிட்டன.

"ஐயோ சார். மாத்திடட்டுமா?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். வாடிக்கையாளர்: பிலோமினா.

"வேணாம்மா. இது சரியாத்தான் இருக்கு."

அந்த வீட்டில் ஐஸை அடுக்கும்போது ஏழுமலை, "மேடம், ஏழுமலை வந்திருக்கேன்" என்றார். தம்பி வந்து, திருப்பலி முடிந்து, நல்லடக்கம் ஆகும்வரை அங்கேயே இருந்தோம்.

அடுத்த வாரம் மென்பொருள் நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். இறந்தவர் பெயரில் தினமும் சரக்கு போவதைத் தணிக்கையாளர்கள் கேட்டால் பதில் இல்லை என்று நிர்வாகத்துக்கு அப்போதுதான் உறைத்திருந்தது. அந்த இளைஞர் எதையோ திறந்தார், எதையோ அழுத்தினார். பிலோமினா கேட்ட படி வந்துவிட்டது. அது மென்பொருளில் முதலிலிருந்தே இருந்ததாம். திறந்துவிட வேண்டியதுதான் பாக்கியாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பிறகு பிலோமினா பெயரில் இருந்த கணக்கை மூடப் பார்த்தார்கள். மென்பொருள் மறுத்தது. அவர் பெயரில் எட்டு பார் ஐஸ் நிற்கிறது. அது யாருக்கு என்று முடிவாகாமல் மூட இயலாது என்றது. மேலாளர் என்னிடம் வந்தார்.

"அந்த எட்ட ஏதாவது ஒரு படகுக்கு மாத்தி விடுங்க சார், முடிஞ்சுடும்."

"எந்தப் படகும் அத எடுக்கல. எடுத்தது அவுங்க."

"செத்துப்போனவுங்க பேர்ல எப்படி சார் பில் போடறது?"

"உயிரோட இருந்தப்ப அவுங்க வாங்காததுக்கெல்லாம் பேரப் போட்டீங்களே."

அவர் போய்விட்டார். மறுபடியும் வருவார். என் பதில் மாறாது.

பிலோமினா அம்மா, உங்களை இறக்கிவிடுவதாகச் சொன்னேன். பாதிதான் முடிந்திருக்கிறது. விடியலில் இனி உங்கள் பெயரில் எதுவும் போகாது. நீங்கள் கேட்டபடியே, யார் எடுத்தார்கள் என்பதை மாலையில் எழுதுகிறோம். அந்த எட்டை மட்டும் மாற்ற நான் விடவில்லை. நடந்ததைத் திரை காட்ட வேண்டும் என்றீர்கள். உங்கள் பெயரில் இத்தனை காலம் பதிந்த வரிகளில் அது ஒன்றுதான் நடந்தது. போய் வாருங்கள், அம்மா. அந்த வரி அங்கேயே இருக்கும்.