ஜெயபாய்க்காவுக்குப் புரிய வேண்டும்

எங்கள் விடுதியில் முப்பத்திரண்டு பேருக்குச் சோறு வடித்தவர் ஜெயபாய். ஆலங்குளத்துப் பக்கம் மழை பொய்த்த ஒரு வருஷம், கணவரும் இறந்துபோக, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சேர்ந்தவர். எங்களுக்கெல்லாம் ஜெயபாய்க்கா. எழுதத் தெரிந்தது தன் பெயர் ஒன்றுதான். அதிலும் ‘ஜ’ கைக்கு வரவில்லை. சுருண்டு படுத்த பூனை மாதிரி இருக்கிறது என்று சொல்லி, ‘செயபாய்’ என்றே எழுதுவார்.

1938இல் அந்தக் கையெழுத்துக்குத் திடீரென்று மதிப்பு வந்தது. நாலாம் பாரத்துக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு, கணக்கு வாத்தியாரான அருளப்பன் சார் ஒரு சட்டம் போட்டார். தினமும் ஒரு கணக்கை வீட்டில் யாருக்காவது வாயால் விளக்க வேண்டும். அவர்களுக்குப் புரிந்த பிறகு நோட்டில் கையெழுத்து வாங்கிவர வேண்டும். கையெழுத்தில்லாத பக்கம் மூன்று சேர்ந்தால் வருஷப் பரீட்சை கிடையாது. விடுதிப் பையன்களுக்கு வீடு ஏது? அடுப்படிதான்.

தளவாய்புரத்து ஞானரத்தினம்தான் மாட்டிக்கொண்டான். விதிகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். ஏன் என்று கேட்டால் மூச்சே நின்றுவிடும். பரீட்சை எழுதாவிட்டால் ராஜபாளையத்து மில்லில் சேர்த்துவிடுவதாக அவன் அப்பா கடிதம் போட்டிருந்தார்.

“மூணு எக்ஸுல எட்டு போனா பத்தொம்பது. எட்டை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கூட்டணும்க்கா.”

“கழிச்ச எட்டை எதுக்குலே கூட்டுத?” வெங்காயம் உரித்துக்கொண்டே அக்கா கேட்டார்.

“பக்கம் மாறினா குறி மாறும்.”

“அதான் ஏன்னு கேக்கேன்.”

“சார் சொன்னாவ.”

“அப்போ சார்ட்டயே கையெழுத்து வாங்கிக்கோ, போ.”

இரண்டு பக்கங்கள் வெறுமையாகப் போயின. மூன்றாவதில் அவனே கையெழுத்துப் போட்டான். பக்கத்தில் இருந்து பார்த்தேன். தடுக்க மனம் வரவில்லை. முத்து முத்தாக ‘ஜெயபாய்’ என்று எழுதியிருந்தான்.

மறுநாள் அருளப்பன் சார் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனார். “ஏலே, எழுத்துப் பிழையே இல்லையே! அப்போ இது கள்ளக் கையெழுத்து.”

வகுப்பே சிரித்தது. ஞானரத்தினம் மட்டும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் சார் அவனைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். “ஏம்மா, என் முன்னால சொல்லட்டும். உனக்குப் புரிஞ்சா பரீட்சை, புரியலைன்னா இல்லை.”

ஞானரத்தினம் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தான். பணியாரம் போட்டு மூடிவைத்திருந்த மூன்று சட்டிகள்மேல் அவன் கண் போயிற்று.

“அக்கா, இந்த மூணு சட்டியிலயும் ஒரே அளவு பணியாரம்னு வச்சுக்கோங்க. நான் எட்டைத் திருடித் தின்னுட்டேன்.”

“அதை நம்பலாம்.”

“மிச்சம் பத்தொம்பது. முதல்ல சட்டிக்கு எம்புட்டு இருந்துச்சுன்னு பாக்கணும்னா…” நிறுத்தினான். “வயித்துக்குள்ள போன எட்டையும் சேக்கணும்லா? அதான் கூட்டுதோம்! குறி தானா மாறலக்கா, எடுத்ததைத் திரும்ப வைக்கோம்! இருபத்தேழு. சட்டிக்கு ஒம்பது!”

அக்கா சாரைப் பார்த்தார். “இம்புட்டுத்தானா சார்? இதுக்கா பக்கம் மாறும் குறி மாறும்னு ரெண்டு நாளா மந்திரம் ஓதினான்?”

“அந்த மந்திரம் நான் சொல்லிக்கொடுத்ததுதாம்மா,” என்றார் சார், தலையைச் சொறிந்தபடி.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார்.

பரீட்சையில் ஞானரத்தினம் நாற்பத்தொரு மார்க் வாங்கித் தேறினான். முடிவு ஒட்டிய பலகையிலிருந்து நேரே அடுப்படிக்கு ஓடினான்.

“நூத்துக்கு நாப்பத்தொண்ணா?” என்றார் அக்கா. “சந்தோஷம்லே. ஆனா பாக்கி ஐம்பத்தொம்பதும் எங்க போச்சு? உக்காரு. தப்பானதை ஒவ்வொண்ணா சொல்லு.”

அவன் உட்கார்ந்தான். எனக்கும் இரண்டு கணக்கு தப்பியிருந்தது. நானும் ஒரு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.